ஒத்திகை இல்லாத பேச்சு

கல்முனையில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திவந்த அதிபர் பத்திநாதரின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்ததை அவருடைய மனைவிகூடக் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டால் எத்தனை மணிக்கு என்று சொல்லுவார். மந்திரி வந்துபோன வீட்டைப் பற்றிக் கேட்டால் அங்கே சமைத்த கறியைச் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு 1954ஆம் ஆண்டு தைமாதம் மணிலாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறு யாருக்காவது வந்திருந்தால் ஒரு பெண் தப்பியிருப்பாள்.

மணிலாவில் துறவிகள் நடத்தும் கல்லூரி ஒன்றில், கிழக்குக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை ஒருவருக்கு வைத்தியம் படிக்க இடம் கொடுக்கிறார்கள். கப்பல் செலவிலிருந்து சாப்பாடு வரை அவர்கள் பொறுப்பு. ஆனால் பிள்ளை, மேல்வகுப்புத் தரத்துக்கு ஸ்பானிய பாஷை தெரிந்திருக்க வேண்டும். ஆவணியில் அந்தத் துறவிகளில் ஒரு சுவாமி நேரில் வந்து சோதிப்பார். உங்களிடம் ஸ்பானிஷ் கற்பிக்க வசதி உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

'உண்டு' என்று பத்திநாதர் பதில் எழுதினார். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் யாரைக் கொண்டு என்று யோசித்தார்.

அந்த நேரம் பள்ளிக்கூட முற்றத்தில், தச்சுவேலைக்கு வந்த வின்சன் ஓடாவி பிள்ளைகள் உட்காரும் புதிய வாங்குகளுக்குக் கால் அடித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் போத்துக்கீசர் வழிவந்த பறங்கிகளின் தெருவிலிருந்து வேலைக்காக வந்து, கடற்கரை வீதியில் வாடகைக்கு இருந்தவர். மத்தியானச் சோறு கொண்டுவந்த மனைவியோடு அவர் தங்கள் வீட்டுப் பாஷையில் எதையோ சொல்லிச் சிரித்தார். பத்திநாதர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"வின்சன், நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறது என்ன பாஷை?"

"எங்கட பாஷைதான் சேர். பெரியாக்கள் போத்துக்கீஸ் எண்டு சொல்லுவாங்க."

"ஸ்பானிஷ் தெரியுமா?"

"அப்படியொண்டு கேள்விப்பட்டதில்ல சேர்."

"போத்துக்கலும் ஸ்பெயினும் பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவில வேலிகூட இல்ல. கல்முனை ஆக்கள் கதைக்கிறதும் மருதமுனை ஆக்கள் கதைக்கிறதும் ரெண்டு பாஷையா?"

"இல்ல சேர்."

"அப்ப? நீங்க கதைக்கிறது ஸ்பானிஷ்தான். உங்களுக்குத் தெரியாமலே இவ்வளவு காலமும் கதைச்சிருக்கிறீங்க."

வின்சன் ஓடாவி படித்த மனிதர் சொன்னால் நம்புகிறவர். தன்னுடைய பாஷைக்கு இப்படியொரு பெரிய பெயர் இருப்பதை அறிந்து அவருக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. சின்ன வயதில் அந்தப் பாஷையைக் கதைத்ததற்காக மற்றப் பிள்ளைகள் அவரைப் பின்னால் ஓடி ஓடிப் பழித்திருக்கிறார்கள். இப்போது அதிபரே தன்னுடைய பழைய கறுத்தக் கோட்டைக் கொடுத்து, வகுப்பு நேரத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாளிலிருந்து வின்சன் ஓடாவி, வின்சன் சேர் ஆனார்.

கடிதத்தோடு மணிலாக்காரர் அச்சடித்த தாள் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மேல்வகுப்பு ஸ்பானிய மாணவர் எதையெதை எட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பத்திநாதர் அதைக் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் எழுதுவித்து, அழிக்கிறவனுடைய கையை முறிப்பேன் என்றார். தன்னையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்லல். வழி கேட்டல், வழி காட்டல். கடையில் சாமான் வாங்கல். நடந்த ஒரு காரியத்தை முன்பின் மாறாமல் விவரித்தல். கடைசியாக இருந்ததுதான் பெரியது. முன்பின் தெரியாத ஒருவரோடு ஒத்திகை இல்லாமல் பேசி, தன் கருத்தை விட்டுக்கொடுக்காமல் நிறுத்துதல்.

மேல்வகுப்பில் இருந்தவர்கள் ஆண்களும் பெண்களுமாக ஏழு பேர். எல்லாரும் படிக்க வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். உண்மையில் அந்தப் படிப்பு அருள்ராணிக்காக நடந்தது. கத்தோலிக்கப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

அருள்ராணிக்கு மணிலா ஏன் வேண்டும் என்று கேட்டால் வைத்தியம் படிக்க என்பாள். அது பொய்யில்லை. ஆனால் அவளுக்கு அதைவிட அவசரமான காரணம் வீட்டுக்குள் இருந்தது.

நம்முடைய கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்கிறோம். முஸ்லிம் என்றும் கிறிஸ்தவன் என்றும் இதில் வேறுபாடு இல்லை. அருள்ராணியின் தாய் சகாயம்மாவிடம் இருந்தது ஒரே வீடு. அதை மூத்தவள் ஞானராணிக்கு எழுதிக் கொடுத்து எட்வேட் என்ற நெல் மில் கிளாக்கருக்குக் கட்டிவைத்தாள். ஞானராணி இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு மூன்றாவது பிரசவத்தோடு போய்ச் சேர்ந்தாள். வீட்டில் எட்வேட் இருந்தான். அந்த வீட்டின் பின்பக்க அறையில் சகாயம்மாவும் இளைய மகளும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? சகாயம்மா கணக்கை முடித்துவிட்டாள்.

"அத்தானையே கட்டினா அந்த வீட்டுக்குள்ளயே நீ இருந்திரலாம் மகள். நானும் தெருவில நிக்கத் தேவல்ல."

"அக்காட பாய்க்கு நான் போகமாட்டன் அம்மா."

"மணிலா கிடைச்சாப் போ. நான் மறிக்கமாட்டன். கிடைக்காட்டி மார்கழியில கலியாணம்."

எட்வேட் அதுவரை காத்திருக்கவில்லை. தன் சட்டைகளைத் தோய்த்து ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கும் வேலையை ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்திருந்தான். சட்டையைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டும்போது வாயால் ஒன்றும் சொல்ல மாட்டான். கையில் வைத்துவிட்டுப் போவான். ஞானராணிக்கும் அப்படித்தான் நீட்டினான். ஒரு சொல் சொன்னால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

ஆகவே அருள்ராணி வெறிபிடித்ததுபோல் படித்தாள். படிக்க அவளுக்குச் சுகமாகவும் இருந்தது. அந்தப் பாஷையில் பாதிச் சாமான் ஏற்கெனவே நம் வீடுகளுக்குள் கிடந்தது. மேசை, கதிரை, ஜன்னல், சப்பாத்து, அலுமாரி எல்லாம் கொஞ்சம் நாக்கைத் திருப்பினால் வின்சன் சேருடைய சொல்லாகிவிடும். ஐந்து மாதத்தில் அவள் வழி கேட்டாள், மீன் விலை பேசினாள், அக்கா செத்த கதையை முன்பின் மாறாமல் சொன்னாள். அதைக் கேட்டு வின்சன் சேர் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"என்ட சொந்தப் புள்ளைகளுக்கே இந்தப் பாஷை வேணாமாம். வெக்கமாம். நீங்க கதைக்கக்குள்ள எங்கட அம்மா கதைக்கிற மாதிரிக் கிடக்கு புள்ள" என்றார்.

வின்சன் சேருக்கு அதற்கு முன் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் கிடைத்ததில்லை. பாவம், அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. பாடம் முடிந்த பிறகும் அவளை நிறுத்திவைத்து, தச்சுச் சாமான்களின் பெயர்களைக்கூடச் சொல்லிக்கொடுத்தார். மணிலாவில் வைத்தியம் படிக்கிற பெண்ணுக்குச் சீவுளியும் உளியும் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை.

ஆடிமாதக் கடைசியில் சலாஹுதீன் ஒரு புத்தகத்தோடு வந்தான். மருதமுனைப் பையன், அதே வகுப்பு. அவனுடைய வாப்பா கைத்தறிச் சாரம் கொண்டுபோய்க் கொழும்பில் விற்பவர். வாப்பாவோடு போன இடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஸ்பானிஷ் தானாகப் படிக்கும் புத்தகம் கண்டு வாங்கியிருந்தான். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதைப் புரட்டிப் பார்த்தான். நேரே அதிபரிடம் போய்க் காட்டினான். பத்திநாதர் நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் வாசித்தார். முகம் கறுத்தது. பிறகு புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இத எவருக்கும் சொன்னியெண்டா உனக்கு நற்சான்றுப் பத்திரம் கிடையாது. விளங்கிச்சா?"

சலாஹுதீனுக்கு விளங்கியது. ஆனாலும் பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், தபால் கந்தோர் மதிலோடு அருள்ராணியை மறித்தான்.

"அருள்ராணி, நாம படிக்கிறது ஸ்பானிஷ் இல்ல. நான் வாங்கின ஸ்பானிஷ் பொத்தகத்த அதிபர் அலுமாரியில பூட்டிப்போட்டார். கதிரைக்கு அந்தப் பொத்தகத்தில 'சில்யா' எண்டு கிடக்கு. ஜன்னலுக்கு 'வெந்தானா'. சில சொல்லு ஒண்டுபோலத்தான். ஆனா வாக்கியம் கட்டுறதே வேற."

"வின்சன் சேருக்குத் தெரியுமா?"

"அல்லாஹ்வே, அந்த மனிசனுக்கு என்ன தெரியும்? அதிபர் சொன்னத்த நம்பிக் கோட்டுப் போட்டுக்கிட்டிருக்கார்."

அவள் மறுநாள் காலையிலேயே அதிபரின் அறைக்குப் போனாள். சுவாமி வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. புத்தகத்தைத் தந்தால் இராப்பகலாகப் படித்துவிடுவேன் என்று கெஞ்சினாள். பத்திநாதர் புத்தகத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அந்தப் பெண் அதை விழுங்கித் தீர்த்திருப்பாள். ஆனால் கொடுத்தால் தான் பிழை விட்டதாக ஆகிவிடுமே! தன் வாயால் வராத சொல் அலுமாரியிலிருந்து வெளியே வந்துவிடுமே!

"எந்தப் புத்தகம்? இஞ்ச ஒரு புத்தகமும் இல்ல" என்றார். "நீ வாயத் திறந்து சரளமாக் கதைச்சாக் காணும். சுவாமிமாருக்கு இதெல்லாம் ஒரே பாஷைதான். கண்ட கதையக் கேட்டுப்போட்டு நிண்டியெண்டா, பேரை வெட்டிப்போடுவன். மறுகா எட்வேட்டுக்குச் சோறு சமைச்சுக்கிட்டுக் கிட."

ஊரில் எல்லாருக்கும் எல்லாரைப் பற்றியும் தெரியும். அதுவும் ஒரு கேடு.

மூன்று கிழமையும் அவள் வின்சன் சேரின் வகுப்பில் இருந்தாள். அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன வரப்போகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு அவர் சந்தோஷமாக வாய் திறக்கிறபோதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது. இந்த மனிதருக்கு உளி பிடிக்கத் தெரிந்தால் போதாதா, ஏன் இங்கே வந்து நின்றார் என்று பற்களைக் கடித்தாள். பூட்டி வைத்தவனைக் கோபிக்கப் பயமாக இருந்தது. கோட்டுப் போட்டவரைக் கோபிக்க அவளுக்குப் பயமில்லை.

சுவாமி வந்த நாளில் மண்டபம் நிரம்பிவிட்டது. பத்திநாதர் ஊரையே கூப்பிட்டிருந்தார். முன்வரிசையில் ஊர் அதிகாரியான விதானை முத்தலிப், மருதமுனைப் பெரிய மனிதர்கள், புதுச்சேலை கட்டிய சகாயம்மா, அருள்ராணி மினுக்கிய சட்டைக்கு மேல் கோட்டுப் போட்ட எட்வேட். வின்சன் சேர் தன்னுடைய கறுத்தக் கோட்டோடு கடைசிச் சுவர் ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

சுவாமி மெலிந்த, அன்பான முகமுள்ள ஸ்பானியர். முதல் கேள்வியைக் கேட்டார். அருள்ராணிக்குத் தன் பெயர் மட்டும் விளங்கியது. அவள் வின்சன் சேரின் பாஷையில் தன்னைப் பற்றியும் தாயைப் பற்றியும் சொன்னாள். சுவாமி புருவத்தைத் தூக்கினார். மெதுவாக இன்னொன்று கேட்டார். அவள் பாதியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். மண்டபத்துக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. "என்னமாக் கதைக்கிது புள்ள!" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

சுவாமி அதிபரின் பக்கம் சாய்ந்து ஏதோ குசுகுசுத்தார். அதிபர் திரும்பக் குசுகுசுத்தார். கடற்கரையோரம் பத்திநாதருக்கு ஒரு தென்னந்தோட்டம் உண்டு. அதை அந்தத் துறவிகளுக்குக் கொடுக்கப்போகிறார் என்றும், அன்று பின்னேரமே அங்கே புது மடத்துக்குக் கல் நாட்டப்போகிறார்கள் என்றும் ஊருக்குத் தெரியும். குசுகுசுப்பில் தென்னந்தோட்டம் வந்ததோ இல்லையோ, சுவாமி நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை நல்ல கெட்டிக்காரி என்று ஆங்கிலத்தில் சொன்னார். இன்னும் கொஞ்சக் காலம் படித்தால் நல்லது, இந்த வருஷ இடம் வேறொரு ஊர்ப் பிள்ளைக்குப் போகிறது, தேவன் விரும்பினால் பிறகு பார்க்கலாம் என்றார். சட்டைப் பையிலிருந்து மாதாவின் சுரூபப் பதக்கம் ஒன்றை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். பத்திநாதர் அதைத் தமிழில் இன்னும் இனிப்பாக்கிச் சொன்னார். எட்வேட் காலை நீட்டி வசதியாக இருந்துகொண்டான்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு சாதாரண அநியாயமாகப் போயிருக்கும். பத்திநாதருக்கு அது போதவில்லை.

"அருள்ராணி, சபைக்கு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க. ஸ்பானிஷ்ல சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் எழுந்தாள். தமிழில் உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூட நற்சான்று போய்விடும், பேரைக் கெடுத்தாள் என்று எட்வேட் வீட்டை விட்டு இறக்கினால் தாய் நடுத்தெருவில் நிற்பாள். ஆங்கிலத்தில் சொன்னால் பாதி மண்டபத்துக்கு விளங்கிவிடும். ஆனால் இந்தப் பாஷையில் சொன்னால் சுவாமிக்கு மட்டும் பாதியாவது விளங்கும். பாவசங்கீர்த்தனத்தில் பிறர் பாவங்களைக் கேட்கிற மனிதர், கேட்டுவிட்டு நீதி செய்யாமலா போவார்? அப்படி நினைத்து அவள் சுவாமியின் கண்ணைப் பார்த்துக் கதைத்தாள். ஒத்திகை எதுவும் இல்லை. தடுமாற்றமும் இல்லை.

'என்னை ஏமாற்றிவிட்டார்கள். இது உங்கள் பாஷை இல்லையென்று இந்த மனிதருக்குத் தெரியும். சரியான புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு ஆறு மாதம் தாருங்கள், நான் உங்கள் பாஷையைப் படிப்பேன். எனக்குத் தந்தது தச்சனுடைய பாஷை. ஒன்றுக்கும் உதவாத பாஷை. மரம் வெட்டுகிறவன் வாயில் கிடந்து அழுகிய பாஷை. என்னை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.'

சுவாமியின் முகம் மாறியதைக் கண்டவர்கள் உண்டு. அவருக்குப் பாதிக்கு மேல் விளங்கிவிட்டது. கடைசிச் சுவரோடு நின்றவருக்கு முழுவதும் விளங்கியது. அவருடைய முகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விதானை முத்தலிப் கையைத் தூக்கினார். "சாமி, புள்ள என்ன சொல்லிச்சு? எங்களுக்கும் சொல்லுங்க."

பத்திநாதர் அதை ஆங்கிலத்தில் கேட்டார். சுவாமி ஒரு கணம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "தன் அதிபருக்கு மனமார நன்றி சொல்கிறாள்" என்றார். அன்பான முகத்தோடுதான் சொன்னார்.

மண்டபம் கைதட்டியது. இனி நற்சான்றாவது மண்ணாவது என்று நினைத்து அருள்ராணி தமிழில் கத்தினாள்.

"நான் அப்படிச் சொல்லல்ல! நன்றி சொல்லல்ல நான்!"

சகாயம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பத்திநாதர் சிரித்தார். "பிள்ளை பதறிப்போயிட்டா. ஏமாத்தம்தானே" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். சபையும் இரக்கத்தோடு சிரித்தது.

"வின்சன் சேரைக் கேளுங்க! அவருக்கு எல்லாம் விளங்கும். நான் என்ன சொன்னன் எண்டு அவர் சொல்லட்டும்!"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. பத்திநாதரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. ஓடாவி ஒருதரம் வாய் திறந்தால் அலுமாரியும் திறந்துவிடும். முன்வாங்கில் இருந்த சலாஹுதீன் எழுந்தே நின்றுவிட்டான்.

வின்சன் சேர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டார். அருள்ராணி அவரைப் பார்த்து, அவருடைய பாஷையிலேயே, 'சொல்லுங்கள் சேர்' என்றாள். அதைக்கூட அழகாகத்தான் சொன்னாள். அவருடைய அம்மா கதைக்கிற மாதிரியே இருந்தது.

"நன்றிதான் சொன்னவ" என்றார் வின்சன் சேர்.

"நல்லாக் கேட்டீங்களா வின்சன்?" என்றார் பத்திநாதர். அவருடைய குரலுக்கு உயிர் திரும்பியிருந்தது. "பிழை ஏதும் விட்டவவா?"

"இல்ல சேர். ஒரு பிழையும் விடல்ல. நான் படிப்பிச்சதெல்லாம் அந்தப் புள்ளைக்கு நல்லாப் படிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி வாங்கின் நுனியில் மடித்து வைத்தார். கடற்கரை வீதிப் பக்கமாக நடந்து போனார். மண்டபம் இரண்டாம் முறையும் கைதட்டியது. சகாயம்மா அழுதாள், விதானை முத்தலிப் பிள்ளையின் பணிவைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசினார், சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தபோது வெயில் ஏறியிருந்தது. எட்வேட் மேடைக்குக் கிட்ட வந்தான். வேர்வையில் நனைந்த தன் கோட்டைக் கழற்றி, ஒன்றும் சொல்லாமல் அருள்ராணியிடம் நீட்டினான். அவள் சுரூபப் பதக்கத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அதை வாங்கினாள்.